ஒரு காதில் கதைசொல்லி, மறு காதில் திருமலை

உப்புவெளி மாமி:

இந்த ஆவணியில் ரொறன்ரோவிலிருந்து அண்ணன்ட மகன் எங்கட திருமலைக்கு, அதுதான் திருகோணமலைக்கு, வந்து நின்றான். பதினேழு வயது. வந்த இரண்டாம் நாளே, "மாமி, நான் தனிய நடந்து கோட்டைப் பக்கம் பாக்கப் போறன். வழிகாட்டி போனுக்குள்ளயே இருக்கு" என்றான். நிற்கிற இடத்தை ஜிபிஎஸ் மூலம் பிடித்து, அந்த இடத்துக் கதையைக் காதுக்குள் சொல்லுகிற செயலி அது. காசு கட்டி, முதல் நாளே வீட்டு வைபையில் இறக்கி வைத்திருந்தான். பிறந்ததிலிருந்து இந்த ஊரிலேயே கிடக்கிற எனக்கு ரோசம் வந்துவிட்டது. நானும் வாறன் என்று செருப்பைக் கொழுவினேன். ஒரு சோடி இயர்போன்தான் இருந்தது. வலது அவனுக்கு, இடது எனக்கு.

மக்கெய்சர் மைதானத்தடியில் தொடங்கியது. இங்கிலீசுக் குரல், நல்ல தெளிவு. ஆனால் பத்திரகாளி அம்மனை அது உச்சரித்த விதத்தைக் கேட்டால் அம்பாளே திரும்பிப் பார்த்திருப்பா. கோவிலுக்கு இரண்டே வசனம், இரண்டும் கோபுரத்து நிறங்களைப் பற்றி. பக்கத்துச் சேமக்காலைக்கு நாலு நிமிசம்! ஜேன் ஆஸ்டினின் தம்பி ரியர் அட்மிரல் சார்ள்ஸ் ஆஸ்டின் 1852இல் பர்மாவில் வாந்திபேதியில் இறந்து, இங்கே கொண்டுவந்து அடக்கம் செய்யப்பட்ட கதை. அது உண்மைதான், சொல்ல வேண்டியதும்தான். அதே சேமக்காலையில் கிடக்கிற மோல்ஸ்வேர்த்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. பட்டாளத்துப் பொறியியலாளர், இங்கே இருந்துகொண்டு தொலைநோக்கியால் வானம் பார்த்தவர். வியாழனில் 1901இல் எழுந்த பெரிய கலக்கத்தைக் கண்டுபிடித்தவர். செவ்வாயில் ஒரு பள்ளத்துக்கு அவருடைய பெயர் இருக்கிறது. 1908 நத்தார் அன்று இறந்துபோனார். நான் இதைச் சொன்னதும் பெடியன் போனை நிப்பாட்டிவிட்டு, "மாமி, நீங்க சொல்லுங்கோ" என்றான். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்தது, மறைப்பானேன்.

கோட்டை வாசலில் அந்தத் தலைக்கனம் இன்னும் ஏறியது. செயலி சொன்னது ஒழுங்கான வரிசைதான்: போர்த்துக்கீசர் மலையிலிருந்த கோணேசர் கோவிலை இடித்து, 1624 அளவில் அந்தக் கல்லாலேயே கோட்டை கட்டினார்கள், பிறகு ஒல்லாந்தர் வந்தார்கள், 1782இல் ஜனவரி மாதம் ஆங்கிலேயர் பிடித்தார்கள், அதே வருசம் ஆவணியில் பிரெஞ்சுக்காரர் பறித்தார்கள், திரும்ப ஒல்லாந்தர் கைக்குப் போய், 1795இல் மறுபடி ஆங்கிலேயர், 1803இல் யோர்க் கோமகனின் பெயரால் பிரெட்ரிக் கோட்டை. எல்லாம் சரி. வாசல் கல்லில் செதுக்கியிருக்கிற இரட்டை மீனை மட்டும் அதற்குத் தெரியவில்லை. பாண்டியர் சின்னம். பக்கத்தில் தேய்ந்துபோன தமிழ் எழுத்து. குளக்கோட்டன் என்ற மன்னன் கோவிலுக்குச் செய்த திருப்பணியைப் பறங்கி பிரிப்பான் என்று தொடங்கி, பூனைக்கண், செங்கண், புகைக்கண் என்று வரிசையாய் ஆளப்போகிறவர்களைச் சொல்கிற பாட்டு. போர்த்துக்கீசர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று எங்கள் பாட்டன்மார் அதற்குப் பொருள் சொல்வார்கள். எழுத்து முழுதாய் இல்லை, பாட்டு வாய்வழியாய்த்தான் மிஞ்சியிருக்கிறது. நான் சொல்லிக்கொண்டு நிற்க, காவலுக்கு நின்ற ஆமிப் பெடியனும் எட்டிப் பார்த்தான். "போட்டோ வேணாம்" என்றதோடு சரி, எங்களைத் துரத்தவில்லை.

பிறகு என் மூக்குடைந்த இடம். உள்ளே வெலஸ்லி வீடு இருக்கிறதல்லவா? பிற்காலத்தில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்றவர், 1800 கடைசியிலும் 1801 தொடக்கத்திலும் படையோடு திருமலையில் இருந்தார். காய்ச்சலில் இங்கே படுத்ததால் கப்பலைத் தவறவிட்டார், கப்பல் தாண்டுபோனது, ஆள் தப்பினார் என்று பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். செயலியும் அதையேதான் சொன்னது. நான் பெருமையாய்த் தலையாட்டினேன். பெடியன் ஒரு கல்லில் குந்தியிருந்து போனைத் தட்டினான். "மாமி, அவர் காய்ச்சலில படுத்தது பம்பாயில. கப்பல் தாண்டது செங்கடலில." ஐம்பது வருசமாய் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் நான் சொன்ன கதை அது. கோட்டைக்குள் திரிகிற மான்கள்கூட என்னைப் பார்த்துச் சிரித்த மாதிரி இருந்தது.

மேலே ஏறுகிற பாதையில் செயலி குழம்பிவிட்டது. கடைகளடியில் நின்று தேங்காய் வாங்கும்போது, மலை உச்சியில் கேட்க வேண்டிய பிரான்சினாவின் கதை தொடங்கிவிட்டது. பாதை வளைந்து வளைந்து போவதால், வரைபடத்தில் பார்த்தால் இரண்டு இடமும் கிட்டக் கிட்டத்தான். காதலன் கப்பலேறிப் போக, ஒல்லாந்தப் பெண் மலையிலிருந்து குதித்தாள் என்பது கதை. 1687 ஏப்ரல் 24 என்று தேதி வெட்டிய தூண் ஒன்று மேலே நிற்கிறது. அது பழைய கோவிலின் தூண் என்பார்கள். ஒல்லாந்தர் பதிவேடுகளைப் பார்த்தவர்களோ, அந்தப் பிள்ளை அதற்குப் பிறகும் உயிரோடிருந்து கலியாணம் கட்டியதாய்ச் சொல்கிறார்கள். வெலஸ்லியில் பட்ட அடிக்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.

மலைப்பாறையின் பெரிய பிளவான இராவணன் வெட்டடியில் அந்தக் குரல் ஒரு நல்ல காரியம் செய்தது. "இப்போது என்னை நிறுத்திவிட்டுக் கடலைக் கேளுங்கள்" என்றது. நிறுத்தினோம். கீழே அலை பாறைக்குள் புகுந்து அடிக்கிற சத்தம். எனக்குச் சம்பந்தரின் "குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும் கோணமாமலை அமர்ந்தாரே" வந்துவிட்டது. இங்கே வராமலே, இராமேசுவரத்தில் நின்று பாடியது என்பார்கள். குரைகடல் என்ற சொல்லுக்கு வகுப்பில் எத்தனை பிள்ளைகளுக்குப் பொருள் எழுதிப் போட்டிருப்பேன்! அங்கே நின்று கேட்டபோதுதான் அது சத்தம் என்று பட்டது. மெல்லமாய்ப் பாடினேன். பெடியன் தன் போனில் பதிந்துகொண்டான்.

உங்களில் ஆரும் இப்படிக் கேட்டுக்கொண்டு நடந்திருந்தால் எழுதுங்கோ.

மட்டுநகரான்:

நான் சித்திரை மாதம் பகல் பன்னிரண்டு மணிக்கு நடந்தவன். போன் சூடேறி நின்றுபோனது, நானும்தான். காலை ஆறரைக்குத் தொடங்குங்கள். கோவிலில் செருப்பைக் கழற்றியபிறகு வெயில் ஏறிய கல்லில் கால் வைத்துப் பார்த்தால் நான் சொல்வது புரியும். இன்னொன்று, 1942 ஏப்ரல் 9 ஜப்பான்காரன் திருமலையில் குண்டு போட்ட கதையைச் செயலி விலாவாரியாகச் சொன்னது. அதே நாள் எங்கட மட்டக்களப்புக் கடலில் ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பலைத் தாட்டதைச் சொல்லவில்லை. கோபந்தான்.

கிண்ணியாக் கரை:

மாமி, உங்களுக்காவது கோட்டை வரைக்கும் கதை இருந்திருக்கு. நம்மட பக்கம் வந்தா அந்தப் படத்தில ஒரு புள்ளிகூட இல்லை. மீன் சந்தை இல்லை, பள்ளிவாசல் இல்லை, உட்துறைமுக வீதி இல்லை. வெள்ளைக்காரன் கட்டினது மட்டும்தான் வரலாறு என்ற மாதிரி.

கொழும்பிலிருந்து கூட்டாளி ஒருத்தன் வந்தான். அவனுக்காக நானே செய்து பார்த்தன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வாப்பாவிட்ட போனைக் குடுத்து, "உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்க" என்று ஒன்பது குரல் பதிவு எடுத்தன். ஒன்றைத் தவிர எல்லாம் இரண்டு, மூன்று நிமிசம். வாட்ஸப்பில 1, 2, 3 என்று இலக்கம் போட்டு அனுப்பினன். இந்த இடத்தில நின்று இந்த இலக்கத்தை அமத்து, அவ்வளவுதான். ஜிபிஎஸ் வேணாம், குழப்பமும் இல்லை.

வாப்பா துறைமுகத்தைப் பற்றிச் சொல்லுவார் என்று நினைச்சன். மனுசன் முழுக்க முழுக்கப் பாதையைப் பற்றித்தான் சொன்னார். பாதை என்று நாங்க சொல்றது ஆக்களை அக்கரைக்கு ஏற்றிப் போற படகை. 2009இல பாலம் திறக்கிறதுக்கு முன்னம் கிண்ணியாவிலிருந்து டவுனுக்கு வர அந்தப் பாதைதான். பஸ்ஸால இறங்கி, அதில ஏறி, அக்கரையில இறங்கி, திரும்ப பஸ். கடைசிப் பாதையை விட்டால் ராவு முழுக்கக் கரையில. உம்மாவைப் பிள்ளைப்பேற்றுக்குக் கூட்டிப்போன இரவை அவர் சொன்ன பதிவு ஏழு நிமிசம். வெட்ட மனம் வரல்ல. கூட்டாளி பாலத்தில நின்று அதைக் கேட்டான். ஒன்றும் கதைக்கல்ல. திரும்பி வந்து வாப்பாவிட கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தான்.

தொடுவானம்:

எனக்குப் பார்வை இல்லை. குரல் வழிகாட்டி என்றால் எனக்கென்றே செய்தது என்று நம்பிப் போனேன். "இடப்பக்கம் பாருங்கள்", "அந்த அழகிய வளைவைக் கவனியுங்கள்". எத்தனை தரம் என்று எண்ணினேன், முப்பத்தொன்று. இங்கே பாதை ஏறுகிறது, இங்கே படி இருக்கிறது, வலக்கைப் பக்கம் மதில் முடிந்து கடல்காற்று வரும் என்று ஒரு இடத்திலும் இல்லை.

கூட வந்த அக்காதான் நிரப்பினா. மாமி சொன்ன அந்த வாசலில், தூணின் கல்லில் என் கையை வைத்தா. வெயிலுக்குள்ளும் அது குளிர்ந்திருந்தது. மீன் எப்படி என்று கேட்டேன். தன் விரலால் என் உள்ளங்கையில் இரண்டு மீனையும் வரைந்து காட்டினா. கொஞ்சத் தூரம் போக ஏதோ ஈரமாய் என் முழங்கையில் மூசியது. திடுக்கிட்டுப் போனேன். மான்! கையில் வாழைப்பழப் பை இருந்தது. அக்கா சிரித்த சிரிப்பில் வழிகாட்டி பேசியது ஒன்றும் கேட்கவில்லை.

மேலே தொட்டில்கள் கட்டியிருக்கிற மரத்தடியில், பிள்ளை வேண்டி வந்த ஒரு அம்மா என் கையைப் பிடித்துத் தன் தொட்டிலைத் தொடவைத்தா. சின்னத் துணி, சின்ன முடிச்சு. ஏன் என்னிடம் காட்டினா என்று தெரியாது. நானும் கேட்கவில்லை.

உப்புவெளி மாமி:

கிண்ணியாத் தம்பி, உங்கட முறையை அப்படியே எடுத்துவிட்டேன். மருமகன் போகிறதுக்கு முதல் ஆறு பதிவு செய்தோம். மோல்ஸ்வேர்த், மீன், வெலஸ்லி (பம்பாய் என்று திருத்தி), தூண், பிறகு 1950இல் நகரசபை கிணறு வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து பழைய வெண்கலச் சாமிகள் வெளிவந்த கதை, அதன்பிறகு 1963இல் கோணேசர் கும்பாபிசேகம். அன்றைய சனக்கூட்டத்தைப் பற்றி அம்மா சொல்லுவா. அதை அவவின் குரலிலேயே எடுத்திருக்கலாம். அம்மா போய் நாலு வருசம்.

தொடுவானம், நீங்கள் எழுதியதை வாசித்தபிறகு ஆறையும் திரும்பக் கேட்டேன். "அங்க பாருங்கோ" என்று நானே பதினாலு இடத்தில் சொல்லியிருக்கிறேன். அழித்துவிட்டேன். வாற சனிக்கிழமை காலை ஆறரைக்கு வாசலடியில் நிற்பேன். அக்காவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. எந்த இடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும். வாழைப்பழத்தை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வாங்கோ.