ரப்பர் தாங்கி கணினியில் கல்லாக நிற்கிறது, ஆய்வகத்தில் அமுங்குகிறது: எங்கே தவறு?

நிபோங்_மாணவன் | செவ்வாய், இரவு 11:42

வணக்கம். நிபோங் திபாலில் முதுகலை ஆய்வு செய்கிறேன். பினாங்கு இரண்டாம் பாலத்தில் தளத்துக்கும் தூணுக்கும் நடுவே மெத்தை மாதிரி இயற்கை ரப்பர் தாங்கிகள் இருக்கின்றன அல்லவா, அந்த வகையில் ஒரு சிறிய மாதிரி செய்து கணினியிலும் அமுக்கிப் பார்க்கிறேன். வட்டத் தாங்கி, விட்டம் 150 மி.மீ. 3 மி.மீ. கனத்தில் 10 ரப்பர் அடுக்குகள், இடையிடையே எஃகுத் தகடுகள்.

ஷியர் மாடுலஸ் (பக்கவாட்டில் சரிவதை எதிர்க்கும் விறைப்பு) 0.8 மெகாபாஸ்கல், டம்பெல் வடிவில் வெட்டிய ரப்பர் துண்டை இழுத்து எடுத்தது. பல்க் மாடுலஸ் (கன அளவு சுருங்குவதை எதிர்க்கும் விறைப்பு) 2000. ரப்பருக்கான நியோ-ஹூக்கியன் மாடல், ஃபெனிக்ஸ் என்ற கணிப்பு மென்பொருளில் நானே எழுதிய நிரல், தாங்கியைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கும் மெஷ்ஷில் நேரியல் நான்முகி எலிமெண்டுகள்.

ஆய்வகத்தில் அமுக்க மாடுலஸ் சுமார் 450 வந்தது. கணினியில் அதுபோல் மூன்று மடங்கு! மெஷ்ஷைப் பொடியாக்கினால் கொஞ்சம் குறைகிறது, ஆனால் ஓர் இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. வெள்ளிக்கிழமை மேற்பார்வையாளரைப் பார்க்க வேண்டும்.

கூலிம்காரன் | செவ்வாய், இரவு 11:58

பாய்சான் விகிதத்தை (ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் எவ்வளவு பிதுங்கும் என்பதை) 0.49 ஆக்கிப் பாருங்க தம்பி. ரப்பருக்கு எல்லாரும் அதைத்தான் போடுவாங்க. மெஷ் அடம் பிடிக்காது.

நிபோங்_மாணவன் | புதன், அதிகாலை 1:15

போட்டேன் அண்ணே. 40-க்கு இறங்கிவிட்டது. மூன்று மடங்கு அதிகமாக இருந்தது, இப்போது பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

பிறை_அக்கா | புதன், காலை 7:20

தம்பி, அந்த 0.49-ஐ உடனே எடுங்கள். உங்கள் எண்களின்படி பாய்சான் விகிதம் 0.4998. பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் 0.4998-க்கு பல்க் மாடுலஸ் ஷியர் மாடுலஸைப் போல 2500 மடங்கு, 0.49-க்கு வெறும் 50 மடங்கு. அதாவது 2000 இருக்க வேண்டிய இடத்தில் 40 போட்டுவிட்டீர்கள். உங்களுக்கு வந்த 40 அதுதான். தனியாக நிற்கும் ரப்பர் கட்டிக்கு 0.49 பெரிய கெடுதல் செய்யாது. தகடுகளுக்கு நடுவே ஒட்டிய மெல்லிய அடுக்கில் கணக்கையே கவிழ்த்துவிடும்.

ரொட்டி சானாய் மாவை எண்ணெய் தடவிய மேசையில் அமுக்கினால் பரவும். மேலும் கீழும் ஒட்டிக்கொண்டால் பரவ வழி ஏது? விளிம்பில் மட்டும் பிதுங்கும். உங்கள் ரப்பருக்கும் அந்த நிலைதான். இதை கென்ட்டும் லிண்ட்லியும் 1959-லேயே கையால் போடும் கணக்காக்கிவிட்டார்கள். வடிவக் காரணி என்பது விட்டத்தை ஓர் அடுக்கின் கனத்தின் 4 மடங்கால் வகுத்தது, உங்களுக்கு 12.5. அதன் வர்க்கத்தை இரட்டித்து, 1 கூட்டி, யங் மாடுலஸ் 2.4-ஆல் (ஷியர் மாடுலஸின் 3 மடங்கு) பெருக்கினால் 752. பல்க் மாடுலஸையும் தொடராக (இரண்டின் தலைகீழ்களைக் கூட்டி) சேர்த்தால் 547. கணினியில் வர வேண்டியது இதுதான். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் ராத்திரி முழுக்க மெஷ் ஓட்டாதீர்கள்.

உங்களுக்கு முதலில் மூன்று மடங்கு வந்ததற்குக் காரணம் லாக்கிங், அதாவது மெஷ் பொய்யாக இறுகிக்கொள்வது. நேரியல் நான்முகிக்குள் திரிபு (உருமாற்றத்தின் அளவு) எங்கும் ஒன்றுதான். ஒவ்வொரு நான்முகியும் தன் கன அளவை மாற்ற மாட்டேன் என்றால் முனைகள் நகர இடமே இல்லை. அழுத்தத்தைத் தனி அறியாமாறியாக எடுங்கள்: இடப்பெயர்ச்சிக்கு இருபடி, அழுத்தத்துக்கு நேரியல். டெய்லர்-ஹூட் ஜோடி என்பார்கள். இரண்டுக்கும் நேரியலே போட்டுவிடாதீர்கள்.

நிபோங்_மாணவன் | புதன், இரவு 9:05

கடைசி வரியைச் சரியாகப் படிக்காமல் இரண்டுக்கும் நேரியலே போட்டேன் அக்கா. அழுத்தப் படம் சதுரங்கப் பலகை மாதிரி வந்தது. அப்புறம் மாற்றினேன். இப்போது 550-ஐ ஒட்டி நிற்கிறது, மெஷ்ஷைப் பொடியாக்கினாலும் அசையவில்லை. ஆனால் ஆய்வகத்தில் 450தானே?

கூலிம்காரன் | புதன், இரவு 9:31

முதலில் தப்பாகச் சொன்னதற்கு மன்னிக்கணும். அமுக்கத்தை எந்த இடத்தில் அளந்தீங்க? எந்திரத்தின் வளைவும் சேர்ந்திருந்தால் தாங்கி மென்மையாகத்தான் தெரியும்.

நிபோங்_மாணவன் | புதன், இரவு 9:40

இல்லை அண்ணே, தாங்கியின் மேல்தகட்டுக்கும் கீழ்த்தகட்டுக்கும் நடுவே நான்கு டயல் கேஜ் வைத்து அளந்தேன்.

பிறை_அக்கா | புதன், இரவு 10:12

சரி, அப்படியானால் அளவு நம்பகமானது. அதே தாங்கியைப் பக்கவாட்டில் தள்ளிப் பார்த்தீர்களா? அதில் பல்க் மாடுலஸின் தொந்தரவு கிடையாது.

நிபோங்_மாணவன் | புதன், இரவு 10:20

மி.மீ.க்கு 350 நியூட்டன்.

பிறை_அக்கா | புதன், இரவு 10:44

மொத்த ரப்பர் கனம் 30 மி.மீ., பரப்பு 17,671 சதுர மி.மீ. ஆக ஷியர் மாடுலஸ் 0.59. உங்கள் 0.8 எங்கே போனது? டம்பெல்லை ஒரே ஒரு முறை இழுத்து அந்த வளைவையே எடுத்துக்கொண்டீர்கள் என்று நினைக்கிறேன். தாங்கியையோ அளப்பதற்கு முன் பல முறை ஆட்டியிருப்பீர்கள். கரி கலந்த ரப்பர் முதல் இழுப்பில் விறைப்பாக இருக்கும், அடுத்தடுத்த இழுப்புகளில் தளரும். மல்லின்ஸ் விளைவு. 0.6 போட்டு அதே கைக்கணக்கைச் செய்தால் 440.

இதை 1948-ல் எழுதிய லெனார்ட் மல்லின்ஸ் பிறகு இங்கிலாந்தில் மலேசிய ரப்பர் உற்பத்தியாளர்களின் ஆய்வகத்துக்கே இயக்குநரானார். இங்கே ரப்பர் மீது வசூலித்த ஆய்வு வரியில் நடந்த ஆய்வகம் அது. என் பாட்டி காலை இருட்டில் பால் மரம் வெட்டியதிலிருந்தும் ஒரு காசு அங்கே போயிருக்கும்!

நிபோங்_மாணவன் | வியாழன், மாலை 6:50

சரியாகச் சொன்னீர்கள் அக்கா, ஒரே இழுப்புதான். இன்று புது டம்பெல்லை ஐந்து முறை இழுத்து ஐந்தாவது வளைவை எடுத்தேன். 0.61. கணினியில் 446.

பிறை_அக்கா | வியாழன், இரவு 8:03

எவ்வளவு தூரம் இழுத்தீர்கள் என்பதையும் அறிக்கையில் எழுதுங்கள். எந்த அளவுக்கு இழுத்தோமோ அதைப் பொறுத்துத்தான் தளர்வும். தாங்கியை வெறும் 1 சதவீதம் அமுக்கினாலும் விளிம்பில் ஷியர் திரிபு வடிவக் காரணியின் 6 மடங்கு, அதாவது 75 சதவீதம். டம்பெல்லை 10 சதவீதம் இழுத்து எடுத்த எண் அதற்குப் பொருந்தாது.

நிபோங்_மாணவன் | வியாழன், இரவு 8:11

100 சதவீதம் இழுத்தேன். எழுதிவிடுகிறேன் அக்கா.