புதுப்பிப்பு: மேட்டில் வண்டி உருள்வது நின்றுவிட்டது

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன்: 41 வயதில் மேனுவல் கியர் படிக்கிறேன், பயிற்சித் திடல் மேட்டில் நின்று கிளம்பினால் கார் பின்னால் உருள்கிறது, பேசாமல் ஆட்டோ கியருக்கு மாறிவிடலாமா என்று. மாறவில்லை. இங்கே சிங்கப்பூரில் ஆட்டோ கியருக்கு மட்டுமான கிளாஸ் 3ஏ உரிமத்தில் மேனுவல் ஓட்ட முடியாது. தேக்காவில் அண்ணன் கடை வேன் மேனுவல்தான், அதை ஓட்டத்தானே படிக்கவே ஆரம்பித்தேன்.

நேற்று மூன்று முறையும் உருளாமல் ஏறினேன்!

நான் ஹேண்ட்பிரேக்கை முந்திக்கொண்டு இறக்கியதுதான் தவறு. இப்போது லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்து, கிளட்சிலிருந்து காலை மெல்ல மெல்ல எடுக்கிறேன். ஒரு புள்ளியில் எஞ்சின் சத்தம் கனத்து இறங்கும், காரின் முன்பக்கம் சற்றே தூக்கும். கிளட்ச் பிடித்துவிட்டது என்று அர்த்தம். காலை அங்கேயே அசையாமல் வைத்து, அதற்குப் பிறகுதான் ஹேண்ட்பிரேக். "மீட்டரைப் பாக்காதீங்கக்கா, சத்தத்தைக் கேளுங்க" என்று பயிற்சியாளர் தம்பி சொன்ன பிறகுதான் எனக்கு அது பிடிபட்டது.

தடித்த அடிப்பாகமுள்ள ஷூவை மாற்றச் சொன்னவருக்குத் தனி நன்றி. இப்போது போடுவது கான்வாஸ் ஷூ. பெடலின் அதிர்வு பாதத்தில் நன்றாகவே தெரிகிறது.

திடலில் S வடிவ வளைவுப் பாதையில் பின்சக்கரம் இன்னும் ஓரத் திட்டில் ஏறுகிறது. அடுத்த வாரம் முழுக்க அதுதான்.