காணிக்கையில் வளர்ந்த சேனலை விற்கலாமா?

பிடோக்வாசி:
எங்கள் சபையின் செல் கூட்டத்தில் (வீட்டு ஜெபக் குழுவில்) பாதியில் நின்ற வாக்குவாதம் இது. அமெரிக்காவின் சி.பி.என். என்ற கிறிஸ்தவத் தொலைக்காட்சியை நிறுவிய பாட் ராபர்ட்சன் விசுவாசத்துக்கு மாதிரி என்றார் ஒருவர். வர்ஜீனியாவின் போர்ட்ஸ்மத்தில் மூடிக் கிடந்த நிலையத்தை வாங்கி, 1961 அக்டோபரில் ஒளிபரப்பைத் தொடங்கியவர். 1963இல் மாதச் செலவுக்கு 7,000 டாலர் தேவைப்பட்டது. ஆளுக்குப் 10 டாலர் தர 700 பேர் வாருங்கள் என்று நேயர்களைக் கேட்டார். சி.பி.என்.னின் ‘700 கிளப்’ நிகழ்ச்சிக்குப் பெயர் வந்தது அப்படித்தான். அப்படி வளர்ந்த அமைப்பு தொடங்கிய கேபிள் சேனல் 1997இல் 190 கோடி டாலருக்கு ஊடக அதிபர் மர்டாக் தரப்புக்குப் போனது. ஊழியமா, வியாபாரமா?

மேரி_ஈசூன்:
ஒரே சொல்லில் முடித்துவிடாதீர்கள், தம்பி. அவர் வாங்கியது யு.எச்.எப். என்ற மிக உயர் அலைவரிசை நிலையம். அன்றைய டிவி பெட்டிகளில் பெரும்பாலானவற்றில் அந்த அலைவரிசை எடுக்கவே எடுக்காது. புதுப் பெட்டிகளில் அது கட்டாயம் இருக்க வேண்டும் என்ற விதி 1964இல்தான் நடைமுறைக்கு வந்தது. பார்க்க ஆளில்லாத நிலையத்துக்கு மாதாமாதம் கொடுத்தவர்கள் லாபமா பார்த்தார்கள்? 1977இல் செயற்கைக்கோள் வழியாகக் கேபிளுக்கும் வந்துவிட்டார்கள். ஈ.எஸ்.பி.என். விளையாட்டுச் சேனல் தொடங்கியதே 1979இல்!

பழைய கணக்கர்:
அக்கா சொன்னது முன்பாதி. பழைய கௌபாய் தொடர்களும் விளம்பரமும் போட்டு அந்தக் கேபிள் சேனல் பணம் கொழித்தது. லாபம் பெருகியதில் அறநிறுவனத்தின் வரிவிலக்குக்கே ஆபத்து வந்தது. சரி, விற்கட்டும். 1990இல் வாங்கியது யார்? ராபர்ட்சனும் அவர் மகனும் நடத்திய நிறுவனம். உக்கிராணக்காரனே எஜமானின் பொருளை விலைபேசி வாங்கலாமா? நம் சிங்கப்பூரில் ஒரு சபை இப்படிச் செய்தால் அறநிறுவன ஆணையர் கோப்புகளைக் கேட்பார்.

மேரி_ஈசூன்:
1997இல் வந்த பணத்தில் ஒரு பெரிய தொகை சி.பி.என்.னுக்கும் ராபர்ட்சன் தொடங்கிய ரீஜண்ட் பல்கலைக்கழகத்துக்கும் போனதே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள், ஐயா? யார் வாங்கினாலும் ‘700 கிளப்’ தொடர வேண்டும் என்ற ஒப்பந்தமும் கூடவே போனது. 2001இல் டிஸ்னி வாங்கிய பிறகும் அதை நிறுத்த முடியவில்லை. சாமர்த்தியம் இல்லாதவர் அப்படி எழுதி வாங்குவாரா?

பழைய கணக்கர்:
சாமர்த்தியத்தை யார் மறுத்தார்கள்? அந்தச் சாமர்த்தியம்தான் எனக்கு உறுத்துகிறது.

தேக்காதம்பி:
அமெரிக்காவை விடுங்கள். இங்கே அனுமதியில்லாமல் வீட்டில் டிஷ் வைக்க முடியாது. ஆனால் கைப்பேசிக்கு எந்தத் தடையும் இல்லை. அம்மா காலையில் யூடியூபில் ஒரு ஊர்க்காரப் போதகரைப் பார்க்கிறார். ஜெபம் தொடங்கியதும் திரையின் ஓரத்தில் க்யூஆர் கட்டம் வந்து நிற்கிறது. கஞ்சி ஆறுவதற்குள் ஐம்பது வெள்ளி போய்விடுகிறது. ரசீது கிடையாது.

மேரி_ஈசூன்:
அம்மா மனமாரக் கொடுப்பதை நீங்கள் தடுக்காதீர்கள்.

பழைய கணக்கர்:
தடுக்க வேண்டாம். பதிவு எண்ணும் ஆண்டுக் கணக்கும் கேட்டு எழுதுங்கள், தம்பி.

தேக்காதம்பி:
எழுதினேன், ஐயா. “கர்த்தர் கணக்கு வைத்திருக்கிறார்” என்று பதில் வந்தது. கீழே மறுபடியும் அதே கட்டம்.