ஆசிரியராக வர விரும்பும் ஊர்ப் பிள்ளைகளுக்கு எங்கள் பட்ச் உதவப் பார்க்கிறது, எப்படிச் செய்தால் சரிவரும்?

பாலியாற்றான் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் வன்னியில் துணுக்காய்ப் பக்கம் மல்லாவியில் படித்தவன், 1998 உயர்தர பட்ச். இப்போது வவுனியாவில் இரும்புக்கடை வைத்திருக்கிறேன். பட்சில் பாதிப் பேர் கனடா, லண்டன், சுவிஸ். காலை வணக்கப் படம் மட்டுமே வந்துகொண்டிருந்த எங்கள் வட்ஸ்அப் குழுவில் போன மாதம் உருப்படியான பேச்சு ஒன்று எழும்பியது. பாடசாலைக்குக் கட்டடம், மதில், வளைவு என்று காசு கொட்டினது போதும், ஊரிலிருந்து ஆசிரியராக வரக்கூடிய பிள்ளைகளைப் பிடித்துத் தூக்கிவிடுவோம் என்று.

ஏன் ஆசிரியர் என்று கேட்பீர்கள். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வுக்குப் பிறகு யாழ்ப்பாணத்து வாத்திமார் பலர் வன்னிக்குள் வந்து நின்றார்கள். மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு, குப்பி விளக்கில்தான் படிப்பு. ஆனால் கணிதத்துக்கு ஆள் இல்லை, இரசாயனத்துக்கு ஆள் இல்லை என்ற கதையே எங்களுக்குத் தெரியாது. அவர்கள் ஊர் திரும்பிய பிறகுதான் வெறுமை தெரிந்தது. இன்றைக்குத் துணுக்காய்ப் பக்கம் நியமனம் கிடைத்து வருகிறவர்களில் பலர் கையெழுத்து வைத்த அன்றே இடமாற்றத்துக்கு நாள் எண்ணத் தொடங்குகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வெள்ளி பின்னேரம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய், திங்கள் விடியமுன் திரும்ப ஏறுகிற சீவியம் எனக்கென்றாலும் அலுக்கும்.

இப்போதைய யோசனை இதுதான். ஆசிரியர்களைப் பயிற்றும் கல்வியியற் கல்லூரிக்குத் தெரிவாகும் பிள்ளைக்கு மாதம் 10,000 ரூபாய், வெளிநாட்டிலிருந்து ஸூமில் வழிகாட்டல். ஒருவன் ‘படித்து முடித்து எங்கள் பாடசாலையில் ஐந்து வருடம் படிப்பிப்பேன்’ என்று பிள்ளையிடம் எழுதி வாங்கச் சொல்கிறான். இன்னொருவன் பரிசளிப்பு விழாவில் மேடையேற்றிக் காசோலை கொடுக்க வேண்டுமாம். இந்த வழியால் போனவர்கள் யாராவது சொல்லுங்கள்.

கட்டுறு ஆசிரியை எழுதியது:

அண்ணா, நான் வவுனியா தேசிய கல்வியியற் கல்லூரியில் இரண்டு வருடம் விடுதியில் இருந்து படித்து, இப்போது மூன்றாம் வருடக் கட்டுறுப் பயிற்சியில், அதாவது ஒரு பாடசாலையில் படிப்பித்துப் பழகுகிற பயிற்சியில் நிற்கிறேன். பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்குக் கிடைக்கிற மகாபொல உதவித்தொகை எங்களுக்கு இல்லை. எங்களுக்கு அரசாங்கம் ஒரு கொடுப்பனவு தரும், அது சாப்பாட்டோடு சரி.

மாதக் காசு நல்லதுதான், ஆனால் உள்ளே போகிற கிழமைதான் முதல் அடி. மெத்தை, வாளி, சப்பாத்து, அதோடு சேலைகள். அம்மா தோட்டை அடகு வைத்துத்தான் என்னை அனுப்பினார். அப்புறம் இந்த வருடம். எனக்குக் கிடைத்த பாடசாலை ஒட்டுசுட்டானுக்கு உள்ளே. பஸ்ஸால் இறங்கிச் சேலையோடு சைக்கிள் உழக்க வேண்டும். இரவிரவாகக் கீறிய பிரிஸ்டல் மட்டைகளைச் சுருட்டி, மழை படாமல் உரப்பைக்குள் சொருகிக் கரியரில் கட்டிக்கொண்டு போவேன். மட்டை, மார்க்கர், போட்டோப் பிரதி எல்லாம் சொந்தக் காசு. மாதா மாதம் ஒரே அளவாகக் கொடுக்காமல், தொடக்கத்திலும் மூன்றாம் வருடத்திலும் கூட்டிக் கொடுங்கள்.

மேடை மட்டும் வேண்டாம் அண்ணா. நாளைக்கு அதே பாடசாலைக்கு ‘ரீச்சர்’ என்று போகிற பிள்ளை அவள்.

முள்ளியவளை வாத்தியார் எழுதியது:

தம்பி, ஓய்வுபெற்ற அதிபர் நான். நீங்கள் காசைத் தொடங்கும் இடம் பிந்திவிட்டது. கல்லூரிக்குள் போன பிள்ளை எப்படியாவது கரைசேரும். நான் பறிகொடுத்தவர்கள் எல்லாம் அதற்கு முன்னால் போனவர்கள்.

உயர்தரப் பெறுபேறு வந்து, வர்த்தமானி வந்து, விண்ணப்பம் போட்டு, நேர்முகத்துக்குக் கூப்பிட்டு, உள்ளே போவதற்குள் ஒரு வருடமோ அதற்கு மேலோ ஓடிவிடும். அதுவரை வீட்டில் சும்மா இருக்க எந்தப் பிள்ளையால் முடியும்? பெடியன் கட்டாருக்கு ஏஜென்சி தேடுவான். பெட்டை ஆடைத்தொழிற்சாலை வானில் ஏறும். அந்தச் சம்பளத்தை நம்பித் தாய் நுண்கடன் எடுத்திருப்பாள். பிறகு கடிதம் வந்தால், கிழமைக் கட்டுக்காசை யார் கட்டுவது? அலுமாரிக்குள் கடிதத்தை வைத்துவிட்டு வேலைக்குப் போன பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

அந்த இடைவெளியில் கொடுங்கள் உங்கள் 10,000ஐ. சும்மா கொடுக்க வேண்டாம். அதிபரோடு பேசி, பின்னேரத்தில் மூன்றாம் நான்காம் தரப் பிள்ளைகளுக்கு வாசிப்பும் கணக்கும் சொல்லிக்கொடுக்க விடுங்கள். உள்ளூரில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பின்வரிசை வாங்கில் இருந்து பார்க்கட்டும். வகுப்பு முடிய, ‘கரும்பலகையைப் பார்த்துக் கதைக்காதே பிள்ளை’ என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். ஸூமில் அது சரிவராது. நேர்முகத்துக்குப் போகும்போதும் பிள்ளைக்குச் சொல்ல ஏதாவது இருக்கும்.

பதினோராம் தரத்தையும் கவனியுங்கள். சாதாரண தரத்தில் கணிதம் கைவிட்டால் இந்தக் கதவு திறக்காது.

எழுதி வாங்குவது வீண்வேலை. எந்தப் பாடசாலை என்பது அரசின் கையில். படித்து முடித்த பிள்ளை ஏற்கனவே அரசாங்கத்துக்குச் சேவை செய்வதாக எழுதிக்கொடுத்த பிணையில் நிற்கும். அதற்கு மேல் நீங்களும் ஒரு கயிறு போடுவதா?

ஸ்காபரோக் குளிர் எழுதியது:

நானும் வன்னிப் பழைய மாணவன்தான், வேறு பாடசாலை. சேர் சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஸூம் விஷயத்தைத் தவிர. ஆங்கிலம் பேசிப் பழக அது நல்லாவே உதவும். என் மகள் கிழமைக்கு ஒரு தடவை ஊரில் உள்ள ஒரு தங்கச்சியோடு ஆங்கிலத்தில் அரட்டை அடிக்கிறாள், பதிலுக்கு அந்தத் தங்கச்சி இவளுக்குத் தமிழ் வாசிக்கப் பழக்குகிறாள்.

கணக்கு விஷயத்தில் கவனம். இங்கே ஒரு சங்கத்துக்கு மூன்று வருடம் காசு கட்டினோம், யாருக்குப் போனது என்று கேட்டபோது விழாப் படம்தான் வந்தது. காசு பிள்ளையின் வங்கிக் கணக்குக்கே நேராகப் போகட்டும்.

பாலியாற்றான் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. எழுதி வாங்குவதும் மேடையும் இனி இல்லை, நேற்றே குழுவில் சொல்லிவிட்டேன். ஒருவன் கோபத்தில் குழுவை விட்டு வெளியேறினான், இரவுக்குள் வந்துவிட்டான். தங்கச்சி, மூன்றாம் வருடச் செலவைப் பட்டியலாக எழுதி அனுப்ப முடியுமா?

சேர், இடைவெளிக் காசு எனக்குப் பிடித்திருக்கிறது. ஒன்றுதான் உதைக்கிறது. அந்த நேரம் யார் தெரிவாவார், யார் ஆகமாட்டார் என்று தெரியாதே. கிடைக்காமல் போகிற பிள்ளைக்கும் கொடுத்திருப்போம் என்று சுவிஸ்காரர் கேட்கிறார்கள்.

முள்ளியவளை வாத்தியார் எழுதியது:

கொடுத்தால் என்ன தம்பி? ஒரு வருடம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்திருக்கும், அதற்குச் சம்பளம் என்று கணக்கில் எழுதுங்கள். உங்கள் பக்கம் ஓய்வுபெற்ற ஆரம்பப் பிரிவு ஆசிரியைமார் இரண்டு பேரை எனக்குத் தெரியும். தனிமடல் போடுங்கோ, கதைத்துப் பார்க்கிறேன்.