மறுமொழி: சூழற்கவிதையா, பசுமைக் கவிதையா?

> ‘பசுமைக் கவிதை’ என்றே வைத்துக்கொள்ளலாமே. எல்லோருக்கும் பழகிய சொல்.

வணக்கம். ‘ecopoetry’ என்ற கவிதை வகைக்குத் தமிழ்ப்பெயர் தேடுகிறோம்; பழக்கம்தான் இங்கே இடைஞ்சல். பசுமைப் புரட்சியோடு வந்தவை செயற்கை உரமும் பூச்சிக்கொல்லியும்; அதே அடைமொழியை நஞ்சேறிய மண்ணுக்காகப் பேசும் கவிதைக்கும் சூட்டுவதா? கடலும் பாலையும் பச்சையாக இருப்பதுமில்லை.

‘இயற்கைக் கவிதை’ வருணனைக்கு நிலைத்துவிட்டது. நிலத்தின் நலமோ கேடோ தானே பாடுபொருளாக நிற்கும் கவிதைக்குத்தான் பெயர் வேண்டும். சங்கப் பாடல்களின் நிலப் பகுப்பான திணையை வைத்து ‘திணைக்கவிதை’ என்பதும் ஆசை காட்டும். ஆனால் முதல் (நிலமும் பொழுதும்), கரு (அந்நிலத்து உயிர்களும் பொருள்களும்), உரி (காதல் உணர்வு) மூன்றில் உரிப்பொருளே சிறந்தது என்பது அகமரபு, அதாவது காதற்பாட்டு மரபு. குறிஞ்சி மலை புணர்தலுக்கு, நெய்தற் கடல் இரங்கலுக்கு. வயல்நிலமான மருதத்து உள்ளுறையில் (இயற்கைக் காட்சிக்குள் பொருளை மறைத்துச் சொல்லும் உத்தியில்) எருமை தாமரையை மேய்ந்தால், தலைவன் பரத்தையிடம் போயிருக்கிறான் என்று பொருள். எருமைக்கென்று அங்கே தனி வழக்கில்லை.

என் முன்மொழிவு: சூழற்கவிதை. சூழற்கவிஞர், சூழல்நோக்குத் திறனாய்வு என்று கிளைகளும் எளிதாக வரும்.

----

> எருமைக்கென்று தனி வழக்கில்லை

ஐயா, அகத்துக்கு ஒப்புகிறேன். ஆனால் சிலப்பதிகாரம் காடுகாண் காதையைப் பாருங்கள்: ‘முல்லையும் குறிஞ்சியும் முறைமையின் திரிந்து நல்லியல்பு இழந்து... பாலை என்பதோர் படிவம் கொள்ளும்’. இங்கே நிலத்தின் நலிவே பேச்சு. திணையை முழுக்கக் கைவிட வேண்டாம். கவிதை வகைக்குச் சூழற்கவிதை இருக்கட்டும். வாழிடச் சிதைவு பாடப்படும் உத்திக்குத் ‘திணைத்திரிபு’ என்று வைப்போம். ‘திணைமயக்கம்’ உதவாது, ஒரு நிலத்துக்குரியது இன்னொன்றில் கலந்துவருவது அது, கேடு அன்று.

----

திணைத்திரிபு நன்று. ஒரு வரையறை மட்டும்: இளங்கோ சொல்லும் திரிபுக்குக் காரணம் வேனிலும் ஞாயிறும், இன்றைய கவிதைகளில் மணற்கொள்ளையும் ஆலைக்கழிவும். விளக்கத்தில் ‘இயற்கையாலோ மனிதராலோ’ என்று சேர்த்தால் இரண்டும் அடங்கும்.

எல்லையைச் சோதிக்க நற்றிணை 172. புன்னையை மகளிர்க்கு உடன்பிறப்பு என்கிறாள் தாய். அதனடியில் தலைவனோடு சிரித்துப் பேச நாணம் என்கிறாள் தோழி. மரத்தோடு இவ்வளவு உறவு இருந்தும், பாட்டின் நோக்கம் மணத்துக்கு விரைவுபடுத்துவதே. அதனால் இதைச் சூழற்கவிதையில் சேர்க்கமாட்டேன், முன்னோடி எனலாம்.

எழுத்துமுறை: சூழற்கவிதை தலைச்சொல். தேடுபொறிக்குச் சொற்புணர்ச்சி (சூழல் + கவிதை = சூழற்கவிதை) தெரியாது என்பதால் ‘சூழல் கவிதை’யையும் மாற்றுவடிவமாகப் பதியவேண்டும். ‘சூழற்பா’ வேண்டாம், வெண்பா போல யாப்புவகை என்று எண்ணிவிடுவார்கள்.