கூட்டத்தை நடத்துவது எந்தப் பறவை? பார்த்தவர்கள் சொல்லுங்கள்

மாலைவானம்:
பல வருடங்களாக நான் செய்த முட்டாள்தனத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் சூறைக்குருவிகள் மரத்தில் அடைவதற்கு முன் வானத்தில் சுழலுமே, அப்போது தலைவன் எது என்று தேடுவேன். முன்னால் போகும் ஒன்றைக் கண்ணால் பிடித்து வைப்பேன். கூட்டம் சட்டென்று திரும்பும்; என் தலைவன் கடைசி வரிசையில் பறந்துகொண்டிருக்கும்.

ஒருநாள் கைப்பேசியில் படமெடுத்து மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். எல்லாம் ஒன்றாகத் திரும்பவே இல்லை. ஓர் ஓரத்தில் சில குருவிகள் சாய்ந்தன. ஈரத் துணியை உதறினால் ஒரு மடிப்பு ஓடுமே, அப்படி அந்தச் சாய்வு கூட்டம் முழுக்க ஓடியது. அடுத்த முறை சாய்வு வேறொரு ஓரத்தில் தொடங்கியது.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். ரோம் நகரில் ஒரு கட்டட மாடியில் கேமராக்களை வைத்து ஸ்டார்லிங் (நம் சூறைக்குருவியின் இனம்) கூட்டங்களை முப்பரிமாணத்தில் அளந்திருக்கிறார்கள். ஒவ்வொரு பறவையும் பக்கத்தில் உள்ள ஆறேழு பறவைகளை மட்டும் கவனிக்கிறது என்று 2008இல் சொன்னார்கள். இதில் எனக்குப் பிடித்தது, தூரம் கணக்கில் வருவதில்லை என்பது. கூட்டம் நெருங்கினாலும் விரிந்தாலும் அதே ஆறேழுதான். அதனால்தான் அது ரப்பர் மாதிரி இழுபட்டும் அறுந்துபோவதில்லை. அந்தக் குழுவில் இருந்த ஜோர்ஜோ பரீசிக்கு 2021இல் இயற்பியல் நோபல் கிடைத்தது.

தூரக்கண்ணாடி:
நான் பார்த்தது கொஞ்சம் பயங்கரம். கூட்டம் சாதாரணமாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. திடீரென்று நடுவில் கறுப்புப் பட்டை ஒன்று ஓடியது. மேலே பார்த்தால் வல்லூறு! பறவைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாயும்போது இறக்கையின் பரப்பு நம் பக்கம் திரும்புகிறது, அதுதான் கறுப்பாகத் தெரிகிறதாம். வல்லூறு மூன்று முறை பாய்ந்தது, மூன்று முறையும் கூட்டம் பிளந்து மூடிக்கொண்டது. இத்தனை உடல்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடினால் எதைக் குறிவைப்பது? நான்காவது முறை ஒரு குருவி மட்டும் தனியாகப் பிரிந்தது. அவ்வளவுதான்.

இன்னொன்று. 1984இல் வெய்ன் பாட்ஸ் என்பவர் உள்ளான் என்ற கரைப்பறவையின் கூட்டங்களைப் படம்பிடித்து அளந்தார். தனிப் பறவை திடுக்கிட்டு அசைய ஏறத்தாழ 38 மில்லி வினாடி ஆகிறது. ஆனால் திரும்பும் அலை ஒரு பறவையிலிருந்து அடுத்ததற்குப் போக 15 மில்லி வினாடிகூட ஆகவில்லை! மைதானத்தில் ரசிகர்கள் வரிசையாக எழுந்து உட்காரும் அலை மாதிரிதான்: தூரத்தில் வருவதைப் பார்த்துத் தயாராகிவிடுகின்றன.

விடியல்நடை:
எனக்கு இவ்வளவு பரபரப்பு இல்லை. விடிகாலையில் நீர்க்காகங்கள் அம்பு முனை போல வரிசைகட்டிப் போவதைத்தான் பார்ப்பேன். அது வேறு கதை என்று நினைக்கிறேன். முன்பறவையின் இறக்கை நுனிக்கு வெளியே காற்று மேலெழும். பின்னால் வருவது அதில் ஏறிக்கொண்டால் உழைப்பு மிச்சம். அரிவாள் மூக்கன் இனம் ஒன்றின்மேல் கருவி பொருத்திப் பார்த்தபோது, இறக்கையடியைக்கூட முன்பறவைக்கு ஏற்பப் பொருத்திக்கொள்வது தெரிந்தது (2014). முன்னால் போவதற்குத்தான் சலுகை எதுவும் இல்லை, பாவம். ஆனால் இடம் மாறிக்கொள்கின்றன.

மாலைவானம்:
வல்லூறு இல்லாமலும் வெகுநேரம் சுற்றுவதைப் பார்த்திருக்கிறேன், அதனால் பயம் மட்டுமே காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. சரி, நேற்று தலைவனைத் தேடவில்லை. ஒரு குருவியைப் பிடித்துவைத்து அதன் பக்கத்துப் பறவைகளை எண்ணப் பார்த்தேன். மூன்றைத் தாண்டுவதற்குள் எல்லாம் மரத்தில் விழுந்துவிட்டன, இருட்டியும் விட்டது.