குழுவாகத் தலைமைப் பயிற்சி: யாரைச் சேர்ப்பது, எதை அளப்பது?

கேள்வி:
ரத்த அழுத்த நோயாளிகள் பாதியில் சிகிச்சையை விட்டுவிடுகிறார்கள். இதைக் குறைக்க, ஊழியர்களுக்குத் தனித்தனியாக இல்லாமல் குழுகுழுவாகத் தலைமைப் பயிற்சி தரத் திட்டம். ஒரு குழுவுக்கு எத்தனை பேர்? மூன்று நாள் வகுப்பு போதுமா? பலன் கிடைத்ததா என்று எப்படிப் பார்ப்பது?

பதில் 1:
4 முதல் 6 பேர். எல்லாரையும் சுகாதாரத் துறையிலிருந்தே எடுக்காதீர்கள். மருத்துவ நிலையத்தில் ஒருவர், உள்ளாட்சியில் ஒருவர், பள்ளி அல்லது தொழிலிடத்தில் ஒருவர், அந்த நோயோடு வாழ்பவர் ஒருவர். இவர்களில் ஒருவருக்காவது ஆளையோ பணத்தையோ ஒதுக்கும் அதிகாரம் இருக்க வேண்டும். கூட்டத்துக்குக் கூட்டம் வேறு ஆளை அனுப்பினால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்க நேரும்.

மூன்று நாளை ஒரே மூச்சில் முடிக்க வேண்டாம். தொடக்கத்தில் 2 நாள், பிறகு ஆறு வாரத்துக்கு ஒரு நாள், மொத்தம் 6 முதல் 9 மாதம். இடைப்பட்ட வாரங்களில் களத்தில் செய்யும் வேலைதான் உண்மையான பாடம். எகிப்தின் அஸ்வானில் 2002-இல் இப்படித் தொடங்கிய பயிற்சியை, வெளி நிதி நின்ற பிறகும் உள்ளூர் மருத்துவர்களும் செவிலியர்களுமே தொடர்ந்து நடத்தினார்கள்.

பதில் 2:
இலக்கை எழுதும் இடத்தில்தான் பெரும்பாலான குழுக்கள் சறுக்குகின்றன. ‘விழிப்புணர்வை வளர்ப்போம்’ என்பதை எப்படி எண்ணுவது? இப்படி எழுதச் சொல்லுங்கள்: பதிவேட்டில் 400 பேர், கடந்த 3 மாதத்தில் வந்து, ரத்த அழுத்தம் 140/90-க்குக் கீழே இருந்தவர்கள் 120 பேர், அதாவது 30 சதவீதம், ஆறு மாதத்தில் இது 45 சதவீதம், 180 பேர் ஆக வேண்டும்.

வகுக்கும் எண்ணில் கவனம் தேவை. அந்த 3 மாதத்தில் வந்தவர்கள் 200 பேர் என்றால், அவர்களை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் அதே 120 பேர் 60 சதவீதமாகத் தெரிவார்கள். சிகிச்சையை விட்டவர்கள் கணக்கிலிருந்தே மறைந்துவிடுவார்கள். உங்கள் பிரச்சினையே அவர்கள்தானே.

அடுத்து, ‘ஏன்’ என்று விடாமல் கேட்க வேண்டும். ஏன் வரவில்லை? வேலை நேரத்தில்தான் நிலையம் திறந்திருக்கிறது. அதற்காக ஏன் அடிக்கடி விடுப்பு எடுக்க வேண்டியிருக்கிறது? 15 நாள் மாத்திரைதான் தருகிறார்கள். ஏன்? இருப்புக் கணக்கு பழைய நோயாளி எண்ணிக்கையில் நிற்கிறது. ‘மக்களுக்கு அக்கறை இல்லை’ என்ற பதிலோடு நிறுத்தினால் குழு துண்டறிக்கை அச்சடிக்கப் போய்விடும். மாத்திரை இருப்பு அப்படியே இருக்கும்.

பதில் 3:
மதிப்பீட்டுக்கு 1959-இல் அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் வகுத்த நான்கு நிலைகள் உதவும்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் மாற்றம் வந்ததா, விளைவு வந்ததா. முதல் நிலைப் படிவத்தோடு நின்றுவிடாதீர்கள். மேலே சொன்ன சதவீதத்தை மாதாமாதம் ஒரே தேதியில், ஒரே முறையில் எடுத்துச் சுவரில் வரைபடமாக ஒட்டுங்கள். பயிற்சி முடிந்து ஆறு மாதம் கழித்தும் எடுங்கள்.

குழுவுக்கு ஒரு வழிகாட்டி அவசியம். மாதம் ஒரு மணி நேரம் போதும். ஆனால் விடையைச் சொல்லிவிடாமல் கேள்வி கேட்பவராக இருக்க வேண்டும். உறுப்பினர்களின் மேலதிகாரிகளிடம் எத்தனை மணி நேரம் விடுவிப்பார்கள் என்று தொடங்கும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். பதிவேட்டைக் கணக்கிடத் தெரிந்தவர் இருவராவது இருக்கட்டும், ஒருவர் மாற்றலாகிப் போனாலும் கணக்கெடுப்பு நின்றுபோகாது.